பரிமளத் தீவின் சரித்திரம்

"அத்தான், இது தீவு இல்லை. கோப்பிக் கறை."

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய தேசப்படத்தை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதம்பி சொன்னான். வாத்தியார் சேதுராமன் படத்தோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தைப் பரீட்சை பார்க்கப் பரிசோதகர் வருகிறார்.

"நல்லாப் பாரு தம்பி. சின்னத் தீவா இருக்கும்."

"நாக்கு பொய் சொல்லுமா? சீனி போட்ட கோப்பி, அத்தான்."

பெரியதம்பி, சேதுராமனின் மனைவி பரிமளத்துக்குத் தம்பி. வத்தேகமயில் அவனும் ஒரு வாத்தியார். சிலேட்டு வாங்கக் கண்டிக்கு வந்தவன், அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, அதற்குக் கூலியாக இந்தக் குண்டைப் போட்டான்.

"எனக்குப் பரீட்சை நாளன்னைக்குத்தான். எனக்கென்ன பயம்? என் படம் கப்பல்ல புதுசா வந்தது. அதுல ஒரு பொட்டுக் கறை காட்டுங்க பாப்போம்."

பின்கட்டிலிருந்து பரிமளம் அகப்பையோடு வந்தாள்.

"என் தீவைக் கறைங்கிறியாடா?"

பெரியதம்பி சிலேட்டுகளை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கிளம்பிவிட்டான்.

அவள் தீவு என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போன படம் அது. இரண்டு வருஷத்துக்கு முன் அதை மாட்டிய அன்று, யசோதா என்ற பெண் இலங்கைக்குக் கிழக்கே பழுப்பாகக் கிடந்ததைத் தொட்டு, "இது என்ன தீவுங்க வாத்தியாரய்யா?" என்று கேட்டுத் தொலைத்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை எந்த வாத்தியாரின் வாயிலிருந்து வந்திருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் மனைவி சத்தம் போட்டாள். "பரிமளத் தீவு" என்றார் சேதுராமன்.

பிள்ளைகள் அதோடு விட்டார்களா? ஆளுவது யார் என்றார்கள். ஒரு ராணி என்றார். யார் யார் படையெடுத்தார்கள் என்றார்கள். சேதுராமனுக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றுதான். முதலில் போர்த்துக்கீசர், பிறகு ஒல்லாந்தர், பிறகு இங்கிலீஷ்காரர். அதையே தீவுக்கும் போட்டார். மூன்று கூட்டத்தையும் ராணி அகப்பையால் அடித்துத் துரத்தினாள் என்பது மட்டும் சொந்தச் சரக்கு. பிள்ளைகளுக்குக் கண்டி ராஜாக்களின் பெயர் ஒன்றும் நிற்கவில்லை. அகப்பைப் போர் நன்றாக நின்றுவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சேதுராமனுடையது இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

இப்போது சரித்திரத்தில் பிள்ளைகள் தவறினால் அரசாங்க உதவி நின்றுபோகும். பள்ளிக்கூடம் மூடப்படும். பின்கட்டில் குடியிருக்கும் வாத்தியாரும் மனைவியும் தெருவுக்கு வரவேண்டியதுதான். கட்டடத்துக்காரர் முத்துலிங்கம் கோப்பி வியாபாரி. உள்ளே அடுக்குவதற்காக மூட்டைகளை வாசலிலேயே இறக்கி வைத்துக் காத்திருந்தார்.

சேதுராமன் ஒரு முடிவுக்கு வந்தார். சாப்பிட்டுத் திரும்பிய பிள்ளைகளை உட்காரவைத்து, தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைகளா, பரிமளத் தீவு கடல்ல முழுகிப்போச்சு. இனி அதைப் பத்தி யாரும் பேசக்கூடாது."

"ராணிங்க, வாத்தியாரய்யா?" என்றாள் யசோதா.

"ராணியும்தான்."

பின்கட்டில் ஒரு பானை டங்கென்று விழுந்தது. யசோதா தேம்ப ஆரம்பித்தாள். அவள் அழுததைப் பார்த்து அடுத்தவள் அழுதாள். பிறகு பள்ளிக்கூடமே ஓவென்று அழுதது. மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த முத்துலிங்கம் உள்ளே ஓடிவந்தார்.

"யாரு செத்தா?"

"ராணிங்க" என்று முப்பது வாய்கள் விம்மின.

முத்துலிங்கத்துக்குத் தெரிந்த ராணி இங்கிலாந்தில் இருந்தாள். அவர் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தார். சேதுராமன் விஷயத்தைப் புரிந்துகொண்டு வாசலுக்கு வருவதற்குள் தெருவில் பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. அரசாங்கக் கச்சேரிக்குப் போய்க் கேட்டுவர ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்தார். மகாராணியைச் சாகடித்த வாத்தியாரை வெள்ளைக்காரன் என்ன செய்வான் என்று நினைத்ததும் சேதுராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். முத்துலிங்கத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"ராணி சாகலைங்க. பிழைச்சுக்கிட்டாங்க. கடல் வத்திருச்சு."

"என்ன கடல்?"

"எல்லாக் கடலும்தான். கடையைத் திறங்க."

முத்துலிங்கம் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டார். "உங்க பேச்சை நம்பி நான் ஊர் சிரிக்கிற மாதிரி ஆயிட்டேன். நாளைக்குப் பரீட்சை முடியட்டும் வாத்தியாரே, உள்ள மூட்டைதான்" என்றார்.

தீவு மறுபடி மிதந்துவிட்டது. இனிக் கறையையே போக்கினால்தான் உண்டு. சாயங்காலம் சேதுராமன் எலுமிச்சம்பழத்தையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு படத்தின் முன் நின்றார்.

"என் தீவுல கை வைக்காதீங்க" என்றாள் பரிமளம்.

"தீவு போனா வீடு மிஞ்சும்."

"வச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்."

தேய்த்தார். கறை அசையவில்லை. ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தார். கை வழுக்கிற்று. பக்கத்தில் இருந்த இலங்கை முழுசாக உரிந்து, ஈரத்தோடு அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பரிமளம் சோற்றுப் பசையைக் கொண்டுவந்து வைத்தாள். மங்கலான விளக்கில் சேதுராமன் இலங்கையைத் திரும்ப ஒட்டினார்.

காலையில்தான் பார்த்தார். இலங்கை தலைகீழாக ஒட்டியிருந்தது. யாழ்ப்பாணம் கீழே தெற்குக் கடலில் நின்றது, காலி மேலே இந்தியாவை இடித்துக்கொண்டிருந்தது. பசை கல்லாக இறுகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடக் கும்பிடலாம்; இதை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய நேரமில்லை. பரிசோதகர் அம்பலவாணர், பின்னால் பெட்டி தூக்கிய சேவகனோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பதைப் பாவம் என்று நினைக்கிற முகம். முத்துலிங்கம் வாசலில் ஒரு மூட்டைமேல் வந்து உட்கார்ந்தார்.

பரிசோதகர் யசோதாவைக் கூப்பிட்டுப் பிரம்பைக் கொடுத்தார்.

"இலங்கை எங்கை இருக்கு, காட்டு பாப்பம்."

யசோதா காட்டினாள்.

"ஓம். இனி யாழ்ப்பாணத்தைக் காட்டு."

யாழ்ப்பாணம் மேலே இருக்கும் என்று சேதுராமன்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிரம்பு மேலே போயிற்று, தயங்கிற்று, கீழே வந்தது. பெண் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் கூரையைப் பார்த்தார். பரிசோதகர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்துக்கு அருகே வந்தார். பிரம்பு மெல்ல வழுக்கிக் கடலில் இறங்கியது.

"இதுதான் பரிமளத் தீவுங்கய்யா" என்றாள் யசோதா.

"எந்தத் தீவு?"

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் ஆரம்பித்தது. போர்த்துக்கீசர் வந்தார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள். இங்கிலீஷ்காரர் வந்தார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நிறுத்தச் சொல்லிச் சேதுராமன் கையைக் காட்டினார். அதைத் தாளம் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் உரக்கச் சொன்னார்கள்.

அகப்பைப் போரோடு சரித்திரம் முடிந்தது. பரிசோதகர் தீவைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். முப்பது பிள்ளைகளும், சேவகனும், மூட்டைமேல் இருந்த முத்துலிங்கமும் அவரையே பார்த்தார்கள். தெரியாது என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்ததைச் சேதுராமன் கண்ணால் கண்டார். அது வந்த வழியே திரும்பிப் போனதையும் கண்டார்.

"ஓம், ஓம். அதை நான் அறிவன்" என்றார் பரிசோதகர். "மூண்டு படையையும் ராணி என்னத்தாலை அடிச்சவ?"

"அகப்பையாலங்கய்யா."

"சரியான விடை. வாத்தியார், உம்மடை பிள்ளையளுக்கு நல்ல சரித்திர அறிவு. மற்றப் பள்ளிக்கூடங்களிலை இதைப் படிப்பிக்கிறாங்களே இல்லை."

எல்லாரும் தேறினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் படியிறங்கினார். முத்துலிங்கம் முணுமுணுத்தபடி ஆள் கூப்பிட்டு மூட்டைகளை அப்புறப்படுத்தினார். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். சேதுராமன் கதிரையில் பொத்தென்று விழுந்தார். வேலை தப்பியது, வீடு தப்பியது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வாசலில் சேவகனுக்குக் கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பரிமளம் மூடி போட்ட செம்பு ஒன்றோடு உள்ளே வந்தாள். கோப்பி வாசனை மூக்கைத் துளைத்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனைவி மனசு அறிந்து நடக்கிறாள் என்று உருகிப்போய்ச் சேதுராமன் கையை நீட்டினார். அவள் செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது குடிக்க இல்லைங்க. நாளைக்கு வத்தேகமயில முதல் கேள்வியே என் தீவுதானாம், சேவகர் சொல்லிட்டுப் போறார். கொண்டுபோய் என் தம்பி படத்துல ஊத்திட்டு வாங்க."