துலாவின் பின்கல்

துறைநாட்டில் சோறு என்றால் கப்பல் அரிசி. கப்பல் அரிசி கரையேற ஒரே வழி துறைமுகத்துத் துலா. நடுவில் ஒரு தூண், அதன்மேல் நெடிய மரம். கடல்பக்க நுனியில் மூட்டை, கரைப்பக்க நுனியில் ஒரு கல். கல் கீழே இழுக்க, மூட்டை படகிலிருந்து மேலே வரும். துலாவை நடத்துபவர் மாசானம். அவர் மைத்துனன் இசக்கி படகில் நின்று மூட்டையைக் கொக்கியில் மாட்டுவான்.

புதிதாகப் பட்டமேறிய மன்னர் பார்வையிட வந்தார்.

“அந்தக் கல் ஏன் எதிர்ப்பக்கமே இழுக்கிறது?”

“மூட்டை இறங்கினால் அது ஏறுகிறது, மன்னா, ஏறினால் இறங்குகிறது. ஒருநாளும் ஒத்துப்போனதில்லை” என்றார் மந்திரி புவனேகர்.

“தூக்கி எறிந்தால் அண்டை நாட்டார் நம்மைக் கொடுங்கோலன் என்பார்கள். நடுத்தூணுக்கு அருகில் கொண்டுவந்து மரியாதையாக வையுங்கள்.”

மாசானம் தலையைச் சொறிந்தார். “அங்க வெச்சா அதுக்கு இழுவை இருக்காதுங்க.”

மந்திரி கல்லை நகர்த்துமுன் ஒருமுறை, நகர்த்தியபின் ஒருமுறை நிறுத்தார். “குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. வதந்தி பரப்பாதே.”

“எடை குறையலங்க, தூரம் குறைஞ்சு போச்சு. சந்தையில இப்படிச் செஞ்சா தராசோட சேத்து ஆளையும் உடைப்பாங்க.”

“இது சந்தையல்ல, அரசு.”

“அதான் தெரியுதே.”

மாசானம் நுனியைப் பிடித்து இழுத்தும், அன்றைய முதல் மூட்டையே பாதி வழியில் திரும்பி விழுந்தது. இசக்கியின் தோள் மயிரிழையில் தப்பியது. உடனே ஆணை வந்தது: இனி அரை மூட்டைதான், மக்கள் அரைவயிறு உண்டு ஆரோக்கியம் பேணுக. ஊர் முணுமுணுத்தது. அதற்கும் ஓர் ஆணை: முணுமுணுப்போர் நால்வர் நால்வராகக் கரைப்பக்க நுனியில் தொங்குக. பட்டியலில் முதல் பெயர் மாசானம்.

நால்வர் தொங்கியதும் முழு மூட்டை ஏறியது. கல்லை அருகில் வைத்ததன் பலன் என்று மந்திரி முரசறைவித்தார். வெற்றியைப் பார்க்க மன்னர் மறுபடி வந்தார்.

“இவர்களும் எதிர்ப்பக்கம்தான் இழுக்கிறார்களா?” குரலில் கருணை பொங்கியது. “பாவம், அழைத்து வா. நம் அருகில் இடமுண்டு.”

அப்போது ஒரு மூட்டை இசக்கியின் தலைக்கு நேர்மேலே அந்தரத்தில் நின்றது. மந்திரி ஓடிவந்து, பதவி, வீடு என்று நால்வரிடமும் பேரம் தொடங்கினார்.

“மொதல்ல அந்த மூட்டைக்குக் கீழ நீங்க வந்து நில்லுங்க. இசக்கி கரையேறட்டும். அப்புறம் கையை விடுறேன்” என்றார் மாசானம்.

மந்திரி மூட்டையை அண்ணாந்து பார்த்தார். பேச்சை மற்ற மூவர் பக்கம் திருப்பினார்.

“வீடு கோட்டைக்கு உள்ளயா, வெளியவா?” என்றார் ஒருவர்.

“உள்ளேதான்.”

மாசானம் கீழே பார்த்துக் கத்தினார்: “கடல்ல குதிச்சிரு மாப்ள. இங்க விலை படிஞ்சிருச்சு.”