மூன்று கிலோ பயம்

இந்தத் தடவை சகலையை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வதில் எனக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு வருகிற பயம்தான் சிரமம். என்ன செய்வது, நான் வேலை பார்க்கிற இடம் அப்படி. விபத்துக் காப்பீட்டு அலுவலகம். யார் எதில் வழுக்கி, எதன் மேல் விழுந்து, எதை உடைத்துக்கொண்டார்கள் என்று காலை முதல் மாலை வரை படிப்பதுதான் உத்தியோகம். படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குளியலறைச் சோப்பு கூட என்னை முறைப்பது போல இருக்கும். இந்த லட்சணத்தில் நான் கட்டிக்கொண்டது ஓர் எடை அளவு ஆய்வாளரை. அவள் தலை சந்தை முனையில் தெரிந்தாலே தராசு முள் தானாக நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நிற்பேன்.

சகலை என்றால் அவளுடைய அக்கா கணவர். இருபத்தைந்து வருஷம் கப்பலில் சமையல் செய்தவர். அவர் கப்பலை விட்டு இறங்கிவிட்டார், கப்பல்தான் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சாப்பாட்டில் டெரீன் என்று ஒன்றைப் பரிமாறினார். பன்றிக்கறியைப் பொடியாகக் கொத்தி, மிளகு, பூண்டு சேர்த்துப் பிசைந்து, ரொட்டி சுடும் நீள அச்சில் அடைத்து, வெந்நீர்த் தட்டில் வைத்து ஓவனில் வேகவைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க அழுத்தி, குளிரவைத்து, துண்டு போடுகிற சமாசாரம். செங்கல் மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி போனது.

"எப்படி அண்ணா செஞ்சீங்க?" என்று கேட்டது என் தப்பு.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு தம்பி? பொறுமை வேணும். கை நடுங்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல அழுத்தம் வேணும். அழுத்தம் பத்தலைன்னா அது டெரீன் இல்ல, வெறும் கொத்துக்கறி."

மேஜையே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது என் மனைவி. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நான் செஞ்சு காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா?" என்றாள் அவள். "வெந்நீர் வச்சா கேஸை மூடியாச்சான்னு நாலு தடவை போய்ப் பார்க்கற ஆளு நீங்க."

"பார்த்தா என்ன? ஜாக்கிரதை."

"அஞ்சாவது தடவை என்னையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போவீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. கறிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கறியை நிறுத்துவிட்டு, மேலே இன்னொரு துண்டு போட்டு, அதற்கு மேலும் ஒன்று போட்டு, "அம்மாவுக்கு என் மேல கோபம் ஒண்ணும் இல்லீங்களே?" என்று ரகசியமாகக் கேட்டார். எனக்கே தெரியாத விஷயம், அவருக்கு என்ன சொல்ல?

கொத்தினேன். பிசைந்தேன். அச்சில் கொழுப்புப் பட்டைகளை வரிசையாக விரித்து, கறியைத் திணித்து, ஓவனில் வைத்தேன். பச்சையாக இருந்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? வெப்பமானியைப் பதினோரு தடவை குத்திப் பார்த்தேன். கடைசியில் வெந்தது கறியா சல்லடையா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வாசனை பிரமாதம். வெளியே எடுத்து, அலுமினியத் தாளால் மூடி, பாரம் வைக்கலாம் என்று திரும்பினேன். அங்கேதான் விதி சிரித்தது.

வீட்டில் பாரமே இல்லை.

தண்ணீர் பாட்டில் வைத்தேன், சாய்ந்தது. காப்பீட்டுச் சட்டப் புத்தகம் வைத்தேன், அகலம் அதிகம், அச்சுக்குள் இறங்கவில்லை. அம்மிக்கல் மாதிரி எதுவும் நாங்கள் வைத்துக்கொண்டதில்லை. நானே ஏறி உட்காரலாமா என்று கூட யோசித்தேன்.

அந்த நேரத்தில் அவள் ஆபீஸிலிருந்து வந்தாள். கையில் ஒரு மரப்பெட்டி. திறந்து காட்டினாள். உள்ளே நீல வெல்வெட் குழிகளில் மூன்று பித்தளை எடைக்கற்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. உருண்டை, குட்டை, வழவழ.

"திங்கக்கிழமை விடியக்காலையிலேயே சந்தைக்குப் போகணும். அதான் வீட்டுக்கே கொண்டுவந்துட்டேன். இதை வச்சுத்தான் ஊர்க்கல்லையெல்லாம் சோதிப்போம். கையால தொடக் கூடாது. கை எண்ணெய் ஒட்டினா கூட எடை மாறிடும். கேட்டுதா?"

"கேட்டுது. ஒண்ணு எவ்வளவு அகலம் இருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா. பொது அறிவு."

அவள் என்னைப் பார்த்தாள். மூடியிருந்த அச்சைப் பார்த்தாள். பெட்டியோடு அறைக்குள் போனாள். பால்கனிப் பக்கம் போய்த் துணி எடுத்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துணிப்பையோடு கிளம்பினாள்.

"அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வரேன். தைக்கக் குடுக்கணும்னு துணி கேட்டிருந்தா."

பை கனமோ என்னவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் தெருமுனை திரும்பியதும் பால்கனிக் கதவு டமால் என்று சாத்திக்கொண்டது. நான் ஓர் அடி துள்ளினேன். காற்றுத்தான். பத்து நிமிஷத்தில் மறுபடி டமால். இத்தனை நாள் இல்லாத காற்று இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று திட்டிக்கொண்டே அறைக்குள் போனேன். பெட்டி அலமாரி மேலே இருந்தது. பூட்டு இல்லை. கையால்தானே தொடக் கூடாது? சூடான தட்டுத் தூக்குகிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டேன். கற்கள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. அரசாங்கச் சாமான், அப்படித்தான் இருக்கும். மூன்றையும் அலுமினியத் தாளின் மேல் வரிசையாக வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி அச்சுக்குள் இறங்கின. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி, முன்னால் கீரைக்கட்டுகளை அடுக்கி மறைத்தேன்.

அவள் திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்க் கீரைக்கட்டுக்குக் குறுக்கே நின்றேன். அன்றைக்குப் பார்த்து அவள் ஏழு தடவை திறந்தாள்.

"என்னங்க, வேர்க்குது உங்களுக்கு?"

"புழுக்கம்."

"கதவு அடிக்கிற அளவுக்குக் காத்து வருது, புழுக்கமா?"

"உள் புழுக்கம்."

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அச்சை வெளியே எடுத்தேன். தாளின் ஓரம் வழியாகக் கொழுப்பு ஏறி, மூன்று கற்களும் இடுப்பு வரைக்கும் வெள்ளையாக நின்றன. எனக்கு உயிரே போய்விட்டது. சுடுதண்ணீரில் போட்டேன். சோப்புப் போட்டேன். பிசுக்கு போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற பொடியைப் போட்டு, இரும்பு நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டன. அடியில் மட்டும் ஆளுக்கொரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். செய்தவன் அடையாளம் போல என்று நினைத்துத் துடைத்தேன்.

எதற்கும் ஒரு தடவை சரி பார்ப்போமே என்று சமையலறைத் தராசில் ஒன்றை வைத்தேன்.

தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்ததை வைத்தேன். தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. மூன்றாவதும் அதே. கல்லுக்குப் பன்னிரண்டு கிராம் பித்தளையை நான் தேய்த்துத் தண்ணீரில் விட்டிருந்தேன்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு இந்தக் கல்லோடு அவள் சந்தைக்குப் போனால் ஊரிலுள்ள அத்தனை களவாணியும் யோக்கியனாகிவிடுவான். யோக்கியனெல்லாம் மாட்டுவான். யாராவது ஒருத்தன் மேலிடத்துக்கு எழுதிப்போடுவான். கல்லைச் சோதிப்பார்கள். அவள் வேலை போகும். இந்த வேலைக்காக அவள் மூன்று தடவை பரீட்சை எழுதியவள். மூன்றாவது தடவை மண்டபத்துக்கு வெளியே அவள் செருப்புக்குக் காவலாக நான்தான் நாலு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தவள் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதை ஒரு பன்றிக்கறித் துண்டுக்காகக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அழுகையை ஒத்திப்போட்டுவிட்டுக் கற்களைப் பெட்டியில் வைத்து ஓடினேன்.

மத்தியானம் சகலை வந்தார், அக்காவோடு. கையில் ஒரு துணிப்பை. நாற்காலிக்கு அடியில் வைத்தார். தொம் என்று சத்தம். தர்ப்பூசணி என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சை ஒரு தட்டில் கவிழ்த்தேன். டெரீன் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வந்து நின்றது. கொழுப்புப் பட்டை வழவழவென்று மின்னியது. சகலை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"தம்பி."

"மன்னிச்சிடுங்க அண்ணா."

"எதுக்கு மன்னிப்பு? எங்க கேப்டன் சாப்பிட்டிருந்தா உங்களை எந்தத் துறைமுகத்துலயும் இறங்க விட்டிருக்க மாட்டார். என்னோடதை விட இது ஒரு படி மேல."

கல்யாணம் ஆனதிலிருந்து எட்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. மனசு முழுக்கத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. நான் கவ்வ வைக்க நினைத்த மண் என் வாயில்தான் இருந்தது.

"என்ன பாரம் வச்சீங்க?" என்றார்.

"பாரமா? அது... மனசுல இருந்த பாரம்தான்."

"அடியைப் பார்த்தா அழுத்தம் தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே மிச்சமிருந்ததை அகப்பையால் அலாக்காகப் புரட்டினார்.

அச்சில் மேல்பக்கமாக இருந்ததுதான் தட்டில் அடிப்பக்கம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே, உறைந்த கொழுப்பில், வட்டத்துக்கு நடுவே அச்சுக் குத்தினாற்போல இரண்டு பெருக்கல் குறிகள். மூன்றாவதின் பாதியைச் சகலை தின்றிருந்தார்.

"இது என்ன தம்பி?"

"பூ" என்றேன். "அலங்காரம்."

"பூ இல்லை அத்தான்" என்றாள் என் மனைவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "எங்க ஆபீஸ் முத்திரை."

அவ்வளவுதான். என் நாக்கு என்னைக் கேட்காமலே அவிழ்ந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன்! மூணையும் நான்தான் எடுத்தேன்! கையுறை போட்டுத்தான் எடுத்தேன். கொழுப்பு ஒட்டிடுச்சு. தேய்ச்சேன். கரைஞ்சு போச்சு. மேலதிகாரிகிட்ட நான் வந்து சொல்றேன், நீ ஒண்ணும் பண்ணலைன்னு எழுதிக் குடுக்கறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இனிமே உன் பெட்டிப் பக்கம் போக மாட்டேன். ஞாயித்துக்கிழமை சமையல் ஆயுசு பூரா நான் பண்றேன். பாத்திரமும் நானே தேய்க்கறேன்."

"பாத்திரமுமா?" என்றாள்.

"பாத்திரமும்!"

"அக்கா, கேட்டுக்கிட்டியா? அத்தான், நீங்களும்தானே?"

"கேட்டேன்மா" என்றார் சகலை. குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த பையை எடுத்து மேஜை மேல் வைத்துத் திறந்தார். உள்ளே, மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி, தங்கம் போல மூன்று எடைக்கற்கள்.

நான் அதைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"அகலம் எவ்வளவுன்னு நீங்க கேட்டப்பவே மாத்திட்டேன்" என்றாள். "நிஜக் கல்லை அக்கா வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டேன். கேட்டைக் கூட நீங்கதான் திறந்து விட்டீங்க."

"அப்போ பெட்டியில இருந்தது?"

"எடை சரிபண்ண அடியில அடைச்சிருந்த ஈயம் விழுந்து, எடை குறைஞ்சு, ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின கல்லு. கழிச்சதுக்குத்தான் பெருக்கல் குறி போடுவோம். ஆறு மாசமா நம்ம பால்கனிக் கதவுக்கு அதைத்தான் முட்டுக் குடுத்து வச்சிருந்தேன். அந்தக் கதவு எதனால நிக்குதுன்னு ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

பதில் சொல்வது போல பால்கனிக் கதவு டமால் என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உயிர் திரும்பி வந்தவன் வேறென்ன செய்வான்? அவள் வேலை பத்திரம். கற்கள் பத்திரம். அந்த நிம்மதியில் கொஞ்சம் தைரியம் கூட வந்துவிட்டது.

"அப்படின்னா என் மேல தப்பே இல்லை. பயத்துல சொன்னதெல்லாம் செல்லாது. ஞாயித்துக்கிழமை சமையல் கணக்குல வராது" என்றேன்.

அவள் ஒரு துண்டு டெரீனை எடுத்து, பெருக்கல் குறி இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஊர்க் கடைக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு சோதனைதாங்க" என்றாள். "உங்களுக்கு மட்டும் இனிமே வாராவாரம்."