உடும்பு பிடித்த புள்ளிமான்

ஒரு காட்டில் வெளியூர் நரிகளின் தொல்லை தாங்க முடியவில்லை. மனித உடம்புக்குள் அந்நியக் கிருமி நுழைந்தால் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதைக் கண்டு துணைப் புரதங்கள் திரண்டு வந்து கிருமியில் ஓட்டை போடும் என்று, அதற்கு வழி கேட்ட ராஜா சிங்கத்துக்கு ஓர் ஆந்தை விளக்கியது. சொந்தச் செல்லில் ஓட்டை விழாமல் தடுக்கவும் உடம்பில் காவல் உண்டு என்று ஆந்தை சொல்ல வருவதற்குள் சிங்கம் கொட்டாவி விட்டு எழுந்துவிட்டது.

அப்படித்தான் பிச்சைக்கண்ணு என்ற உடும்புக்கு உத்தியோகம் கிடைத்தது. அந்நியனைக் கண்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். கடிக்கக்கூட வேண்டாம். மிச்சத்தைக் குளவிகள் பார்த்துக்கொள்ளும். ஒரு குளவி அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை; கடைசியில் கூடே கிளம்பி வந்து தோலைச் சல்லடையாக்கும்.

வேலையில் சேர்ந்த வாரமே மான்தோல் போர்த்திய நரி ஒன்று வந்தது. பிச்சைக்கண்ணு பிடித்தான். குளவிகள் முடித்தன. சிங்கம் பாராட்டுக் கூட்டம் போட்டு மாலை அணிவித்தது. அந்த நரியின் முகம் பிச்சைக்கண்ணுவுக்கு மறந்துபோனது. போர்த்தியிருந்த புள்ளிகள் மட்டும் மனதில் ஆழப் பதிந்துவிட்டன.

மறுநாள் ஓடைக்கரையில் புள்ளிகள் தெரிந்தன. பாய்ந்து முதுகைப் பிடித்தான்.

"அண்ணே, நான்தான் ராக்காயி. பக்கத்துப் புதர்," என்றாள் அந்தப் பெண்மான்.

தெரிந்த குரல்தான். மழையில் புற்று இடிந்தபோது ஒதுங்க இடம் கொடுத்தவள். பிச்சைக்கண்ணுவின் நகங்கள் தளர்ந்தன. அதற்குள் முதல் குளவி வந்துவிட்டது.

"இவ நம்ம காட்டுக்காரிதான்," என்றான் தயங்கியபடி.

"நீங்க பிடிச்சிருக்கீங்களே," என்றது குளவி.

"தெரியாம பிடிச்சுட்டேன்."

"அப்போ அந்த நரியையும் தெரியாமத்தான் பிடிச்சீங்களா? ராஜாகிட்ட அப்படியே சொல்லிடட்டுமா?"

பிச்சைக்கண்ணு யோசித்தான். வெகுநேரம் யோசிக்கவில்லை. நகங்களை மறுபடி இறுக்கினான்.

"அண்ணே," என்றாள் ராக்காயி. அதற்குமேல் அவளுக்குப் பேச வாய்க்கவில்லை.

சாயங்காலம் சிங்கம் வந்து சுற்றிப் பார்த்தது. "அசல் மான் மாதிரியே இருக்கிறதே?"

"அதான் மகாராஜா, அவ்வளவு கெட்டிக்கார வேஷம்," என்றான் பிச்சைக்கண்ணு.

அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மீதி மான்கள் அன்றே மலை தாண்டி ஓடிவிட்டன. வேஷக்காரர் ஒருவர்கூட இல்லாத காடு என்று சிங்கம் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. சாப்பிடத்தான் எதுவும் கிடைப்பதில்லை.

நீதி: பிடித்தது தவறானாலும் பிடி தவறக் கூடாது.