தக்காளிப் பரீட்சை

மேஸ்திரி மூன்றாவது தக்காளியையும் பலகையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை இழுத்தார். தக்காளி தோலில் ஒரு கீறல்கூட விழாமல் ஓரமாக நழுவி உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் அழுத்தினார். சட்டையெல்லாம் சாறு.

"என்னாச்சு?" என்று வாசலில் நின்றபடி முதலாளியம்மா கேட்டார்.

"நசுங்கிடுச்சும்மா."

"நான் தக்காளியைக் கேக்கல, கத்தியைக் கேட்டேன்."

"அதுக்கு ஒண்ணும் ஆகல."

மறுநாள் காலையில் ஒரு பெரிய ஆர்டர்காரர் வருவதாக இருந்தது. அவர் வந்து, பார்த்து, தலையாட்டினால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. முதலாளியம்மா பூட்டை வாங்கியே வைத்துவிட்டார். அதுவும் வெளிநாட்டுப் பூட்டு.

அவர்கள் பட்டறைக் கத்தி எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். வெளிநாட்டுக் கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா மாதிரி படுத்திருக்கும். இவர்களுடைய மஞ்சள் பிடிக் கத்தி வாசலில் கயிற்றில் தொங்கும். யாராவது அதைத் தொட்டால் கடைக்காரரே, "அது வேணாங்க, உள்ளூர்ச் சரக்கு" என்று தடுத்துவிடுவார். மேஸ்திரி பல தடவை பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். பேசாமல் வந்துவிடுவார். பாதி வாழ்க்கையை அந்தப் பட்டறையில் தேய்த்தவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. யாராவது ஒருத்தர், அந்தக் கத்தியைக் கையில் பிடித்து, "நல்ல கத்தி" என்று சொல்ல வேண்டும்.

"போன்ல என்னதான்மா சொன்னாரு?"

"எப்பவும் செய்யறதையே காட்டினா போதுமாம். புதுசா எதுவும் பண்ண வேணாமாம். அதை ரெண்டு தடவை சொன்னாரு."

"விருந்துக்கு வரவங்களும் 'ஒண்ணும் செய்ய வேணாம்'னுதான் சொல்லுவாங்க. அதை நம்பி அடுப்பை அணைச்சுட்டு உக்கார முடியுமா?"

முதலாளியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கிருந்துதான் சனி பிடித்தது.

முதல் காரியமாக, சாம்பிள் கத்திகளையெல்லாம் மறுபடி சாணை பிடிக்கச் சொன்னார் மேஸ்திரி. சாணைக்காரர் தயங்கினார்.

"இந்தத் தகடு தாங்காது மேஸ்திரி. இதைத் தீட்டத் தீட்ட இன்னும் மோசமாத்தான் போகும்."

"நீ தீட்டு. நான் பாத்துக்கறேன்."

சாணை சுற்றியது. பொறி பறந்தது. கத்தியின் ஓரம் முதலில் பளபளத்தது, பிறகு நீலம் பாரித்தது, பிறகு வாடிய இலை மாதிரி சுருண்டுகொண்டது. மேஸ்திரி ஒன்றை எடுத்து வெங்காயத்தின்மேல் வைத்தார். வெங்காயம் அசையவில்லை. கத்தி வளைந்தது.

"இதுக்கு முன்னாடி நசுக்கவாவது நசுக்குச்சு" என்றார் சாணைக்காரர்.

மேஸ்திரி கத்தியைக் கீழே போட்டார். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் அந்தக் கத்திகள் அடிபட்ட மீன்கள்போல் கிடந்தன. பாதி இயந்திரங்கள்மேல் ஏற்கெனவே துணி போர்த்தியாகிவிட்டது. துணி இல்லாத இயந்திரங்களைப் பார்க்கத்தான் அவருக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்தார். மனைவி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரக், சரக், சரக் என்று சீராக விழுந்த சத்தம் அவர் காதில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்து எட்டிப் பார்த்தார்.

"அது என்ன கத்தி?"

அவள் கை நின்றது. "எது?"

"கையில இருக்கறது."

"ஓ, இதுவா? வெளிநாட்டுக் கத்தி."

"எப்ப வாங்கின?"

"அது ஆச்சு... நம்ம பெரியவ பொறந்தப்ப."

பெரியவளுக்குக் கல்யாணமாகி, அவளுக்கே ஒரு பிள்ளை இருந்தது. மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம்?"

"வீணாக்கலங்க. டப்பா மூடி திறக்க ஒண்ணு, செடிக்கு மண்ணு கிளற ஒண்ணு, ஜன்னல் கதவு அடிச்சுக்காம இருக்க ஒண்ணு." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "உங்க மனசு கஷ்டப்படும்னுதான் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சேன். நான் மட்டுமா? சாணைக்காரர் வீட்டுலயும் இதேதான். பட்டறையில வேலை செய்யற எல்லார் வீட்டுலயும் இதேதான். நாங்க சேந்து போய்த்தான் வாங்கினோம்."

அவருக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு யோசனையும் வந்துவிட்டது. நொந்துபோன மனுஷனுக்கு வரும் யோசனை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தொழிலாளிகள் ஒவ்வொருவராகத் துணியில் சுற்றிய எதையோ இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தனை பேர் அடுப்படியிலிருந்தும் வெளிநாட்டுக் கத்திகள் வெளியே வந்தன. மேஸ்திரி அவற்றின் பெயரைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். பழைய பிடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் பிடி மாட்டச் சொன்னார். அதன்மேல் பட்டறை முத்திரையைத் தன் கையாலேயே அடித்தார்.

"மாட்டிக்கிட்டா?" என்று முதலாளியம்மா மெல்லக் கேட்டார்.

"ஆர்டர் கைக்கு வரட்டும்மா. அட்வான்ஸ் வந்தா நல்ல தகடு வாங்கிடலாம். அப்புறம் நாமளே இப்படிச் செய்வோம்." அதைச் சொல்லும்போது அவருக்கே அது உண்மையாகப் பட்டது.

சொந்தக் கத்திகளை ஒரு சாக்குமூட்டையில் கட்டி மூலையில் தள்ளினார்கள்.

ஆர்டர்காரர் ஒல்லியாக, சோர்ந்த முகத்தோடு வந்தார். பேச்சு அதிகமில்லை. பையைத் திறந்து ஒரு தக்காளியை எடுத்து வைத்தார். மேஸ்திரி முதல் கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

கத்தி தக்காளியைத் தொட்டது. தொட்டதுதான் தெரியும், தக்காளி கண்ணாடி மாதிரி மெல்லிய வில்லைகளாகச் சரிந்தது. சாணைக்காரர் தன்னை மறந்து கைதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆர்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாவது கத்தியை எடுத்தார். பையிலிருந்த கயிற்றை வெட்டினார். மூன்றாவதால் ஒரு தோல் துண்டை வெட்டினார். நான்காவதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரத்தம் வந்துவிட்டது.

"ஐயோ, சார்!" என்று துணி எடுக்க ஓடினார் மேஸ்திரி. ஓடும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இது உங்க கத்திதானா?" என்றார் ஆர்டர்காரர், விரலை நீட்டியபடி.

"எங்க கத்திதான் சார்."

"கடையில தொங்குமே, அதே கத்தியா?"

"அதேதான் சார்."

"நான் வரேன்னு ஸ்பெஷலா ஏதாவது...?"

"சேச்சே! எப்பவும் இப்படித்தான். தீட்டக்கூட வேணாம் சார். தீட்டினா இன்னும் பயங்கரமா வெட்டும்."

ஆர்டர்காரர் பெருமூச்சு விட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "பழைய சரக்கு ஏதாவது இருக்கா? இதைவிடக் கொஞ்சம் சாதாரணமா?"

இதுதான் பொறி என்று மேஸ்திரி உஷாரானார். "சாதாரணங்கற பேச்சே இங்க கிடையாது சார்."

"அந்த மூட்டையில என்ன?"

"குப்பை சார். வெறும் குப்பை."

மூட்டைக்கும் ஆர்டர்காரருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார் சாணைக்காரர்.

ஆர்டர்காரர் நாலாவது கத்தியைத் துடைத்து, மெதுவாகக் கீழே வைத்தார். "நல்ல கத்தி மேஸ்திரி" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில். "ரொம்ப நல்ல கத்தி."

வாழ்நாளெல்லாம் காத்திருந்த வார்த்தை. மேஸ்திரிக்குக் கண் கலங்கியது. ஆனால் ஆர்டர்காரர் பையை மூடிக்கொண்டு, முதலாளியம்மாவுக்கு ஒரு வணக்கம் போட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் வெளியே நடந்தார். காரில் ஏறிக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

"தலையாட்டினாரா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஆட்டினாரும்மா. குறுக்கால ஆட்டினாரு."

முதலாளியம்மா உள்ளே போய்ப் பூட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். சாணைக்காரர் சாணையின்மேல் துணியைப் போர்த்தினார். எல்லோரும் அவரவர் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். பெயரைத் தேய்த்துவிட்டதால் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. வெளியே ஓடினார். காரின் டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன குறை கண்டாரு உங்க ஐயா? இதைவிட நல்லா வெட்டற கத்தி உலகத்துலயே கிடையாதே!"

டிரைவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னா எல்லாரும் வேணும்னே மழுங்கடிச்ச சாம்பிளை நீட்டறாங்க, அதான் ஐயா சொல்லல. அவரு ஜெயில் சமையல்கட்டுகளுக்குக் கத்தி வாங்கறவரு மேஸ்திரி. எவ்வளவு தீட்டினாலும் வெட்டாத கத்தி எங்க கிடைக்கும்னு ஊர் ஊரா விசாரிச்சோம், எல்லாரும் ஒரே வாயா உங்க பட்டறையத்தான் சொன்னாங்க!"