குரியச்சன் ஏற்றிய புது விண்டோஸ்

இதை எனக்கு முதலில் சொன்னவள் பெண்ணம்மாவேதான். போன வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து சர்ச் படியிறங்கும்போது சொன்னாள்.

அவள் புருஷன் குரியச்சன், பாலா ஊரில் கம்ப்யூட்டரின் உள்மனதை அறிந்த ஒரே ஞானி. ஞானம் ஒரே வரிதான். வருஷத்துக்கு ஒருமுறை விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றினால் கம்ப்யூட்டர் குதிரையாய் ஓடும். ஈஸ்டருக்கு முன்னால் வரும் அம்பது நோன்புக்கு முந்தின நாள் பேத்துர்த்தா. ஊரே இறைச்சி தின்று தீர்க்கிற அந்த நாளில்தான் அவர் அழிப்பார்.

"மனுஷன் நோன்புக்குச் சுத்தமாகறான். அதுவும் ஆகட்டுமேடீ."

"போன வருஷம் நம்ம பொண்ணு ஜின்சி கல்யாணப் படமெல்லாம் சுத்தமாயிடுச்சு, இச்சாயா."

"காப்பி எடுத்து வச்சிருந்தேனே!"

"எங்க வச்சீங்க? அதே கம்ப்யூட்டர்லதானே?"

குரியச்சன் தாடையைச் சொறிந்தார்.

இந்த வருஷம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் பேரப்பிள்ளை இருந்தான். முதல் பல், முதல் அடி, முதல் அழுகை என்று அயர்லாந்திலிருந்து மகள் ஜின்சி அனுப்பிய படங்கள். அவள் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டதால் வேறெங்கும் கிடையாது. ஜபமாலை முடிந்ததும் பெண்ணம்மா தினமும் பார்ப்பது அதைத்தான்.

"சரி, நானே ஏத்தறேன். நீங்க போய் இறைச்சி வாங்கிட்டு வாங்க. வரிசை சந்தை முனை வரைக்கும் நிக்குதாம்."

அவர் பென்டிரைவைச் செருகினார். "கேக்கறதுக்கெல்லாம் சரின்னு அமுத்து. சொந்த மூளையைப் போடாதே."

அவர் கேட்டைத் தாண்டியதும் பென்டிரைவை உருவிவிட்டு மகளைப் போனில் பிடித்தாள்.

"அம்மா, ஆன் பண்ணதும் தானா கிளம்புறது எத்தனைன்னு பாரு."

"பதினொண்ணு. மூணு வேகம் கூட்டற சாமான். ரெண்டு வைரஸ் காவல்."

"ரெண்டு காவலும் ஒண்ணையொண்ணு சந்தேகப்பட்டே பொழுதைப் போக்கும். ஒண்ணை எடு. வேகம் கூட்டறதை எல்லாத்தையும் எடு."

எல்லாம், புது விண்டோஸ் ஏற்றிய மறுநாளே குரியச்சன் பக்தியோடு நிரப்பி வைக்கிறவை. பெண்ணம்மா மகள் சொன்னதையெல்லாம் எடுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, காற்றாடியில் அப்பியிருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாள். திரையில் கிடந்ததையெல்லாம் உள்ளே ஒதுக்கிவிட்டு வெறும் நீலப் படம் போட்டாள்.

இறைச்சியோடு வந்தவர் பொத்தானை அமுத்தினார். நாற்காலியில் உட்காருமுன் திறந்துகொண்டது.

"பாத்தியாடீ! இதுக்குத்தான் நான் சொல்றது!"

"நீங்க சொல்லி என்னிக்குத் தப்பாச்சு."

ஒரு வாரம் அவர் பெருமையை ஊர் தாங்கவில்லை. தபால்காரர், பால்காரர், சர்ச் விகாரியச்சன், ஒருவர் தப்பவில்லை.

பத்தாம் நாள் பெண்ணம்மா ஜபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். நோன்பு முடியும்வரை சீட்டைத் தொடமாட்டேன் என்று குரியச்சன் நேர்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆடினால் விரலில் சீட்டே படுவதில்லையே என்று மனச்சாட்சி தானாகவே விளக்கம் சொன்னது. திறந்தார். பேத்துர்த்தாவுக்கு முந்தின நாள் பாதியில் விட்ட அதே ஆட்டம், அதே நாலாயிரத்துச் சொச்சம் புள்ளியோடு காத்திருந்தது. அழித்த கம்ப்யூட்டரில் அது எப்படி இருக்கும்?

சடக்கென்று அதை மூடினார். வாசலில் செருப்புச் சத்தம்.

"எடீ பெண்ணம்மே! நீ அன்னிக்கு விண்டோஸை ஏத்தவே இல்லை!"

"யார் சொன்னா, இச்சாயா?"

"யார் சொல்லணும்? நானே பாத்தேன். உள்ள அந்த..."

"உள்ள எந்த?"

குரியச்சன் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தார். படமும் அவரைப் பார்த்தது.

"ஒண்ணுமில்லை. நல்லா ஓடுது."

"அப்ப அடுத்த பேத்துர்த்தாவுக்கும் நானே ஏத்திடறேன்."

"ஏத்து," என்றார்.

நீங்கள் பாலா பக்கம் போனால், தயவுசெய்து அவரைச் சீட்டாடக் கூப்பிடாதீர்கள். ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது.