ரீலோட் அண்ணையின் இரட்சிப்பு

கொழும்பு மாநகரத்திலேயே அதிக தடவை இரட்சிக்கப்பட்ட மனிதர் எங்கள் ஒழுங்கையில்தான் கடை வைத்திருந்தார். இதில் எனக்கு யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் பக்கத்திலும் மூன்று நாலு தரம் மனந்திரும்பியவர் யாராவது இருப்பார். பாவம், அவர் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் ரீலோட் அண்ணை அவ்வளவையும் ஒரு திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை. கீழே அவருடைய கடை: போட்டோகொப்பி, லமினேட்டிங், போன் ரீலோட். முதல் மாடியில் அவரும் மனைவி புஷ்பமக்காவும். அதற்கு மேலே வாடகைக்கு நான். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. சைவக்காரன், அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மச்சம் மாமிசம் தொடாத அளவுக்குச் சைவக்காரன். ஆகவே கிறிஸ்தவர்களுடைய இந்த இரட்சிப்பு விவகாரத்தில் எனக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. வேடிக்கை பார்த்தவன், அவ்வளவுதான்.

அண்ணையின் கொள்கை மிகவும் எளிமையானது. ஆண்டவர் இரட்சிப்பைத் தருவார். ஆனால் அதை வைத்துக் காப்பாற்ற வேண்டியது உன் பொறுப்பு. ஒரு பொய், ஒரு கெட்ட நினைப்பு, வாயில் ஒரு தூஷணம், போச்சு. அந்த நேரம் பார்த்து உயிர் போனால் நேரே நரகம்தான்.

"தம்பி, இப்ப நான் ஒருத்தனைக் கண்டபடி பேசிப்போட்டு றோட்டைக் கடக்கிறன், பஸ் அடிக்குது எண்டு வையும். நான் எங்க போவன்?"

"களுபோவில ஆஸ்பத்திரிக்கு, அண்ணை."

"பகிடி விடாதையும்!" என்று சத்தம் போட்டார். பிறகு சத்தம் போட்டதற்காக உள்ளே போய் முழந்தாள்படியிட்டார்.

ரீலோட் என்று பெயர் வைத்தவர் பக்கத்தில் புடைவைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. ஒருநாள் காலை அவர் தன்னுடைய போனுக்குக் காசு போட வந்திருக்கிறார். அண்ணை அப்போதுதான் கடை வாசலில் ஓட்டோவை நிறுத்தியவனோடு சிங்களத்திலும் தமிழிலும் சண்டை பிடித்து முடித்திருந்தார். "நானா, கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல நான் ரீலோட் பண்ணிப்போட்டு வாறன்" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். நானா குனிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிகின்றன. கொஞ்ச நேரத்தில் அண்ணை முழங்காலைத் தட்டிக்கொண்டு, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி முகத்தோடு எழும்பி, "இப்ப சொல்லுங்கோ, நம்பர் என்ன?" என்றார்.

"அது ஈக்கட்டும் மச்சான். ஒங்களுக்கு நீங்க எவ்வளவுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார் நானா.

பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. கரண்ட் பில் கொடுக்க வருகிற சிங்களப் பையன்கூட "ரீலோட் மாத்தயா!" என்றுதான் கூப்பிடுவான். ஞானஸ்நானப் பெயர் என்னவென்று அவருக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு சபைக்குப் போவார். கிருலப்பனையில் கிட்டவே ஒரு சபை இருந்தது. ஆனால் அங்கே இருந்த பாஸ்டர், ஒருமுறை இரட்சிக்கப்பட்டவனை யாரும் ஆண்டவருடைய கையிலிருந்து பறிக்க முடியாது என்று பிரசங்கம் செய்துவிட்டார். அண்ணை பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

"அங்க சனம் சிரிச்சுக்கொண்டு இருக்குதுகள் தம்பி. ஒரு பயமில்லை. அது சரிவராது."

கொட்டாஞ்சேனைப் பாஸ்டர் நன்றாகப் பயமுறுத்துவார். கடைசியில், இழந்துபோன இரட்சிப்பைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார். பாஸ்டர் வசனத்தை முடிக்க முதலே அண்ணையின் கை மேலே நிற்கும். வில்லங்கம் திரும்பி வருகிற பஸ்ஸில்தான். மருதானையில் சனம் ஏறும். கொண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று முன்னுக்குத் தள்ளுவான். யாராவது காலை மிதிப்பார்கள். அண்ணையின் மனதில் ஒரு சொல் வரும். கொட்டாஞ்சேனையில் ஏற்றியது அவ்வளவும் மருதானையிலேயே இறங்கிவிடும்.

ஒருமுறை பம்பலப்பிட்டி வரைக்கும் பாவமே இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் பல். சொல்லி முடிந்த பிறகுதான் பெருமையும் ஒரு பாவம் என்று ஞாபகம் வந்தது. ஷட்டர் பாதி இறங்கியது.

பிறகு ஞானஸ்நானமும் பழசாகிவிட்டதென்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கொட்டாஞ்சேனைப் பாஸ்டரை அவர் நச்சரித்ததில், அந்த மனிசன் தாங்கமாட்டாமல் ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக் கடலுக்கே வந்துவிட்டார். ரயில் பாதையைத் தாண்டி நாங்களும் போனோம். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. புஷ்பமக்கா துவாயோடு கல்லில் இருந்தா. பாஸ்டர் அண்ணையைத் தாழ்த்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து வெள்ளைச் சாரத்தை இழுத்தது. அண்ணை சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எழும்பும்போது வாயிலிருந்து வந்த சொல்லை எழுதினால் இந்தப் பத்திரிகையை நீங்கள் வீட்டுக்குள் எடுக்கமாட்டீர்கள்.

பாஸ்டர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "அண்ணை, இன்னொருக்காத் தாழுங்கோ" என்றார்.

கல்லிலிருந்து புஷ்பமக்காவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, இந்த முறையெண்டாலும் வாயை மூடிக்கொண்டு எழும்புங்கோ!"

புஷ்பமக்கா யாழ்ப்பாணத்தில் நல்ல சைவக் குடும்பத்தில் பிறந்தவ. அண்ணையை விரும்பிக் கட்டி, அவரோடு சபைக்கும் வந்துவிட்டா. ஆனால் இந்த ஏறுகிற இறங்குகிற சோலியெல்லாம் அவவிடம் கிடையாது. "நான் ஒருக்காத்தான் கையை உயர்த்தினனான், தம்பி. ஆண்டவருக்குக் கண் தெரியும்தானே" என்பா. சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விடுவா.

ஒருநாள் அண்ணைக்கு என் வேலையில் அக்கறை வந்தது. "ஏன் தம்பி, பிரீமியம் கட்டாட்டி பொலிசி உடன செத்துப்போகுமோ?"

"இல்லை அண்ணை. கட்ட மேலதிகமாக் கொஞ்ச நாள் குடுப்பம், கிறேஸ் பீரியட் எண்டு."

"கிறேஸோ? அது கிருபையெல்லோ! உங்கட கம்பனியிலயோ?" அவருக்கு அது பிடிக்கவேயில்லை. "அப்ப ஆண்டவரை விடக் கம்பனிக்காரருக்கு இரக்கம் கூட எண்டு சொல்ல வாறீர், என்ன?"

"நான் சொல்லேல்லை அண்ணை. நீங்கள்தான் சொல்லுறியள்."

வாயைப் பொத்திக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் ஓடினார்.

இப்படிச் சிரிப்பும் பகிடியுமாய்ப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் புஷ்பமக்காவுக்கு மறதி வந்தது. முதலில் கறிக்கு இரண்டு தரம் உப்பு. பிறகு மாடிப்படியில் என்னைக் கண்டு, "தம்பி, இது ஆருடைய வீடு?" என்று கேட்டா. டொக்டர் வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார். அதைக் கட்டுப்படுத்தத்தான் குளிசை, சுகப்படுத்த முடியாது என்றும் சொன்னார். கொழும்பு மறந்தது. கலியாணம் மறந்தது. சபை மறந்தது. கடைசியில் அக்காவுக்குள் தகப்பன் வீட்டில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதான் மிச்சம். பொழுதுபட்டால் அந்தப் பிள்ளைக்குத் திருநீறு வேண்டும்.

"திருநீறு எங்க? பூசாமல் எப்பிடி விளக்குக்கு முன்னால நிக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு அழுவா. அண்ணை கொடுக்கமாட்டார். அவருடைய கணக்கில் அது ஆண்டவரை மறுதலிக்கிறது. ஆடிவேல் தேர் போகிற நாளில் காலி வீதியிலிருந்து நாதஸ்வரச் சத்தம் கேட்டதும், அக்கா பல்கனிக்கு ஓடிப்போய்த் தலைக்கு மேலே கையைக் கூப்பி "அரோகரா!" என்றா. கீழே கடை வாசலில் நின்ற அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு தூஷணத்துக்கே நரகம் என்று நம்புகிற மனிசன். கட்டின மனிசி ஆண்டவரையே மறந்துபோய் நிற்கிறா. இன்றைக்கு அவவுடைய உயிர் போனால்? அதன் பிறகு அண்ணை தனக்காக முழந்தாள்படியிட்டதை நான் காணவில்லை. எல்லாம் அக்காவின் கதிரைக்கு முன்னால்தான்.

"புஷ்பம், இஞ்ச பாரும். நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லும். ஆண்டவரே, நான் பாவி."

"நீங்கள் பாவியெண்டால் நான் என்ன செய்யிறது? அப்பா வரமுன்னம் வெளிய போங்கோ!"

மேலே இருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். சிரிப்புப் போய்விட்டது.

ஒரு ஞாயிறு அக்காவை ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். பிடிக்க ஆள் வேண்டுமென்று நானும் கூடப்போனேன். பாஸ்டர் வழக்கம்போலக் கையை உயர்த்தச் சொன்னார். அக்கா உயர்த்தினா, இரண்டு கையையும். தலைக்கு மேலே சேர்த்துக் கூப்பி, சபையே திரும்பிப் பார்க்க, "அரோகரா!"

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர். "அண்ணை, அக்கா அறிஞ்சு செய்யேல்லை. இது வேற."

"வேறயோ? இவ்வளவு காலமும் வேறயெண்டு ஒண்டு இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையே, பாஸ்டர்?" என்றார் அண்ணை. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பாஸ்டர் அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டொரு நாளில் அண்ணை என் அறைக்கு ஏறி வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "தம்பி, உம்மட்ட ஒரு விளக்கம் கேக்கவேணும். கம்பனி விஷயம்" என்றார்.

"கேளுங்கோ அண்ணை."

"ஒராள் பொலிசி எடுத்திட்டுது. பிறகு நினைவு தப்பிப்போச்சு. கட்டவேணும் எண்டே அந்த ஆளுக்குத் தெரியாது. கிறேஸ் பீரியடும் முடிஞ்சுது. அப்ப பொலிசி லாப்ஸ், செத்துப்போகும்தானே?"

அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கம்பனிக் கந்தோரில் வாடிக்கையாளருக்குச் சொல்கிறதைத்தான் சொன்னேன். "சில பொலிசியில அப்பிடி இல்லை அண்ணை. ஆள் இயலாமல் போனால், அதுக்குப் பிறகு அந்த ஆள் கட்டத் தேவையில்லை. கம்பனியே கட்டும். பொலிசி அப்பிடியே ஓடும்."

"கம்பனியே கட்டுமோ?"

"ஓம்."

"அதுக்கு ஆள் திரும்ப வந்து கையெழுத்து வைக்கவேணுமோ?"

"இல்லை. முதல் நாள் வைச்ச கையெழுத்தே போதும்."

அண்ணை துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன். வேறென்ன செய்கிறது?

போகும்போது வாசலில் நின்று, "தம்பி, நீர் கோயிலுக்குப் போனால் ஒரு சரை திருநீறு கொண்டுவாரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை கடதாசிச் சரையைப் பிரித்து, பெருவிரலால் தொட்டு, அக்காவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.

"மூண்டு விரலால பூசுங்கோ" என்றா அக்கா. "உங்களுக்கு ஒருத்தரும் பழக்கேல்லையோ?"

மூன்று விரலால் பூசினார். பழக்கமில்லாததில் கோணலாய்ப் போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தா. அன்றைக்கு அழவில்லை. அண்ணை விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு, அடுத்த கதிரையில் இருந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது எழும்பிப் போய் முழந்தாள்படியிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அசையவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அண்ணை, இதுக்கு ரீலோட் இல்லையோ?"

"இல்லை தம்பி. புஷ்பத்துக்குப் பயமில்லை, அவவின்ரயைக் கம்பனி கட்டுது. நான் நல்ல நினைவோடதான் செய்யிறன். என்ர போகுதெண்டால் போகட்டும்."

"மன்னிப்புக் கேட்டால் முடிஞ்சுதே?"

"மன்னிப்புக் கேட்டால், இனிச் செய்யமாட்டன் எண்டும் சொல்லவேணும்" என்றார் அண்ணை. "நாளைக்கும் அவ கேப்பாதானே."

நான் இப்போது வீடு மாறிக் கிருலப்பனைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கோணல் குறைந்திருக்கிறது. அவருடைய இரட்சிப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒருவேளை போய்விட்டதென்றால், அவரை அனுப்புகிற இடத்திலேயே எனக்கும் ஒரு மூலை பார்த்து வைக்கட்டும். அந்த மனிசன் இல்லாத மோட்சத்தில் எனக்கு என்ன வேலை?