பாதிக்குப் பாதி பயோடீசல்

இந்த லீவுக்கு மச்சான் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. முடிவெடுக்க மூளை போதும். சொல்ல நெஞ்சு வேண்டும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். லீவிலும் வாத்தியார்தான். போன வருஷம் விடிவதற்குள் விசிலடித்து எழுப்பி, அவர் குடும்பத்தோடு என்னையும் வரிசையில் நிறுத்தி, குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். தொப்பை வந்த நாளிலிருந்து நான் அந்த விரலைப் பார்த்ததே இல்லை. இந்த வருஷமும் பத்து நாள் என்று அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு வீட்டு வண்டி உண்டு. உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு கட்டில். டீசல் எஞ்சினுக்கு மட்டும் என்னைவிட ரெண்டு வயசு கூட. மச்சான் ஊருக்குப் போகும் வழியில் ஒரு ஏரி. அங்கே வண்டி தானாக நின்றுபோனால் நான் பாவம், என்ன செய்வேன்? தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்காரத்தானே வேண்டும்?

நிற்க வைக்கும் வழியை எண்ணெய்க்காரர் சொன்னார். பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊரெல்லாம் வாங்கி, பயோடீசல் ஆக்கி விற்பவர்.

"பழைய வண்டியா சார்? அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கலக்காதீங்க."

"கலந்தா?"

"டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்ச கசடையெல்லாம் இது கழுவி எடுத்துரும். அத்தனையும் போய் ஃபில்டரை அடைக்கும். வண்டி மூச்சு முட்டி நடுவழியில நின்னுரும்."

"அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு ஒரு டிரம் வாங்கினேன். பாதிக்குப் பாதி ஊற்றினேன்.

கிளம்பினோம். வண்டி விட்ட புகையில் பலகாரக் கடை மணத்தது.

"அப்பா, யாரோ பொரிக்கிறாங்க. பசிக்குது" என்றாள் மகள்.

"ரோட்டோரக் கடையா இருக்கும் குட்டி."

"கடை நம்ம கூடவே வருதே அப்பா."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தும்மல் என்று நினைத்தேன்.

ஏரி கண்ணில் படும்போது வண்டி இருமத் தொடங்கியது. என்ன ஒரு சொன்ன பேச்சு கேட்கும் வண்டி. மெல்ல ஒடித்து, கரையோர மர நிழலில் சேர்த்தேன். ஒரு குலுக்கல். அவ்வளவுதான்.

"ஐயையோ, ஃபில்டர் அடைச்சிருச்சு போலிருக்கே" என்று முகத்தைத் தொங்கப் போட்டேன்.

"இப்ப என்னங்க பண்றது?"

"இந்த வண்டிக்கு ஃபில்டர் லேசுல கிடைக்காதும்மா. சொல்லி வரவழைக்கணும். உங்க அண்ணன் ஏமாந்து போவாரேன்னுதான் எனக்கு மனசு கேக்கல."

"கவலைப்படாதீங்க. இடம் நல்லாத்தானே இருக்கு? நீங்க போய்த் தூண்டில் போடுங்க."

இவ்வளவு லேசாக நான் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை. மடக்கு நாற்காலியை விரித்தேன். காலை நீட்டினேன். முதல் மீன் புழுவை மோந்து பார்க்கும் நேரத்தில் பின்னால் ஹாரன் அடித்தது. மச்சான். கூடவே அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், என் மாமியார், பாய், தலையணை.

"மாப்ளே, அருமையான இடமா பிடிச்சிருக்கீங்க. ஓடுறதுக்குத் தோதான கரை."

மனைவியை ஓரமாக இழுத்தேன். "இவருக்கு யாரு சொன்னது?"

"நான்தான். நேத்தே சொல்லிட்டேன்."

"வண்டி நின்னதே இப்பத்தானே?"

"எங்க கேன்டீன்ல பொரிச்ச எண்ணெயை வாரா வாரம் எடுக்கறவரே அந்த எண்ணெய்க்காரருதாங்க. 'அக்கா, சார் ஒரு டிரம் வாங்கிட்டுப் போனாரு, பழைய வண்டின்னு வேற சொன்னாரு, ஃபில்டர் அடைச்சிரும், பாத்துக்கோங்க'ன்னாரு. அண்ணன் வீட்டுக்குப் போற மனுஷன் தூண்டிலை எதுக்கு எடுத்து வைக்கறாருன்னு பாத்தேன். ஏரின்னு புரிஞ்சு போச்சு."

எண்ணெய்க்காரர் ஊரெல்லாம் வாங்குகிறார் என்றால், அவள் சமைக்கும் கேன்டீனும் அதே ஊரில்தான் இருக்கிறது. எனக்குத்தான் அது நினைவில் இல்லை.

"சரி, தோத்துட்டேன். ஃபில்டருக்குச் சொல்லி அனுப்பு. உங்க அண்ணன் வீட்டுக்கே போயிரலாம். அங்க மெத்தையாவது இருக்கும்."

"ஃபில்டர் என் பையிலதாங்க இருக்கு. அன்னிக்கே வாங்கிட்டேன். பத்து நாள் கழிச்சுத் தர்றேன்."

ஒரு கட்டில் மாமியாருக்கு. இன்னொன்று மச்சானுக்கு, முதுகு நேராக இருக்க வேண்டுமாம். பெண்களும் பிள்ளைகளும் நடுவில். எனக்கு வண்டிக்கு அடியில் பாய் விரித்துக் கொடுத்தாள்.

பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் இந்த எண்ணெய் இளக்கிச் சொட்ட வைக்கும் என்பதை, அந்தப் பாயில் மல்லாந்து படுத்த பிறகு என் நெற்றிதான் முதலில் தெரிந்துகொண்டது.